கவச வேஷத்துக்குள் ஏன் வேகிறோம்? ஃபேன் வைத்தும் ஏன் தீரவில்லை?

போன மே மாதம் அக்கா மகன் எங்கள் மும்பை செம்பூர் வீட்டு ஹாலில் தலை முதல் கால் வரை கவசம் மாட்டிக்கொண்டு நின்றான். ஃபோம் ஷீட்டை வெட்டி, ஹீட் கன்னால் வளைத்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, நாலு மாதம் தூக்கத்தைத் தொலைத்துச் செய்தது. காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் வேஷம் போட்டுக் கூடும் காமிக் கான் விழாவுக்குப் போட்டுக்கொண்டு போவதாகத் திட்டம். நெஞ்சுக்குள் ஒன்று, ஹெல்மெட்டுக்குள் ஒன்று என இரண்டு குட்டி ஃபேனும் வைத்திருந்தான். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, உள்ளேயிருந்து குரல் வந்தது: "மாமா, கழட்டுங்க, கழட்டுங்க!"

கழற்றிய பிறகு அவன் சொன்ன காரணம்: "ஃபேன் பவர் பத்தல மாமா. இன்னும் பெருசா வாங்கணும்."

நான் இருபது வருஷமாக ஏசி டக்ட் (காற்று போகும் குழாய்) வேலை பார்க்கிறவன். ஃபேனில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. குறை வேறு இடத்தில் இருந்தது. ஆனால் அவன் நண்பர்களிடம் பேசிப் பார்த்தால் ஆளுக்கு ஒரு வைத்தியம்: ஒருவன் ஐஸ் பேக் என்கிறான், ஒருவன் புதினா தைலம் என்கிறான், இன்னொருவன் பெல்ட்டியர் தகடு (மின்சாரத்தில் குளிரும் சின்னத் தகடு) வைத்தால் "உள்ளே ஏசியே வந்துடும் அங்கிள்" என்கிறான். உடம்பின் சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதை முதலில் பார்த்துவிட்டால் மற்ற வைத்தியங்களில் எது உதவும், எது உதவாது என்று நாமே சொல்லிவிடலாம்.

உடம்பு அணையாத அடுப்பு

சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறார். பழைய குண்டு பல்ப் ஒன்று எரிகிற மாதிரி. எழுந்து நடந்தால் அது இரண்டு மடங்காகும். கவசத்தின் எடையையும் சுமந்து நடந்தால் 250 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த அடுப்பை அணைக்க முடியாது. வெளியே போகும் வழியைத் திறந்து வைக்கத்தான் முடியும்.

வழிகள் நான்கு. குளிர்ந்த தரையில் படுத்தால் முதுகுச் சூடு தரைக்குப் போகிறதே, அது வெப்பக்கடத்தல். தோலை ஒட்டியுள்ள காற்று சூடாகி நகர, வேறு காற்று அந்த இடத்துக்கு வருவது வெப்பச்சலனம். சூடான இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் கை நீட்டினால் தொடாமலேயே சுடுவது வெப்பக் கதிர்வீச்சு; அதே மாதிரி நம் உடம்பும் கொஞ்சம் வீசிக்கொண்டிருக்கிறது. நான்காவது ஆவியாதல், அதாவது வியர்வை காய்வது.

இப்போது கவசத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். கவசம் செய்த ஈவிஏ ஃபோம் என்பது ரப்பர் செருப்பின் அடியிலும், குழந்தைகள் விளையாடும் பாயிலும் இருக்கிற அதே பொருள். உள்ளே ஆயிரக்கணக்கான மூடிய காற்றுக் குமிழிகள். அதனால் வெப்பமும் கடக்காது, ஈரமும் கடக்காது. கடத்தல், சலனம், கதிர்வீச்சு மூன்றும் கிட்டத்தட்ட அடைபட்டுவிடும்.

"வெளி வெயிலையும் அது தடுக்கும்தானே?" என்று அவன் கேட்டான். தடுக்கும். பிளாஸ்க்கும் வெளிச் சூட்டைத் தடுக்கத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே ஊற்றியிருப்பது கொதிக்கிற டீ.

காயாத வியர்வையால் பயனில்லை

மிச்சமிருப்பது நான்காவது வழி. எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுதான். "நல்லா வேர்த்தா உடம்பு குளிரும்" என்போம். வியர்ப்பதால் எதுவும் குளிராது; வியர்வை காய்வதால்தான் குளிர்கிறது.

மண்பானையை நினைத்துப் பாருங்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசிகிற நீர் வெளிப்புறத்தில் காய்கிறது. காயும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதே பானைக்கு அழகாக இருக்கட்டும் என்று வெளியே பெயின்ட் அடித்துவிட்டால் தண்ணீர் குளிராது. கசிவு போய்ச் சேர வழியில்லை.

நீர் திரவமாக இருப்பதிலிருந்து ஆவியாக மாறுவதற்கு விழுங்கும் வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். இதன் அளவு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அதே ஒரு கிராம் வியர்வை தோலில் காய்ந்தால் ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். கணக்குப் போட்டால், 250 வாட் அடுப்பைச் சமாளிக்க ஒரு மணி நேரத்துக்கு 370 கிராம் வியர்வை முழுதாகக் காய்ந்தாலே போதும். ஒன்றரை டம்ளர்தான்!

ஆனால் கவசத்துக்குள் ஒரு மணி நேரம் நின்றால் ஒரு லிட்டர்கூட வியர்த்து ஊற்றும். ஏன்? காயவில்லை, சூடு குறையவில்லை, அதனால் உடம்பு இன்னும் வியர்க்கிறது. காயாமல் முழங்கால் வழியாக ஓடி ஷூவுக்குள் தேங்குகிற ஒவ்வொரு சொட்டும் வீண். தண்ணீரும் போச்சு, உப்பும் போச்சு, குளிர்ச்சியும் இல்லை.

இதுவரை பார்த்ததில் ஒன்று மட்டும் நினைவிலிருந்தால் போதும்: கவசம் நான்கு வழியில் மூன்றை அடைத்துவிடுகிறது, நான்காவது வழி திறந்திருக்க வேண்டுமென்றால் வியர்வை காய வேண்டும். அப்படியானால் அடுத்த கேள்வி, காய்வதற்கு என்ன வேண்டும்?

மும்பை காற்று, டெல்லி காற்று

ஜூலை மாதம் மும்பையில் துணி துவைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டு நாள் கொடியில் கிடந்தாலும் ஜீன்ஸ் இடுப்புப் பட்டி காயாது, நாற்றம் மட்டும் வரும். டெல்லியில் மே மாதம் பக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் மொடமொடவென்று ஆகிவிடும். இரண்டு ஊரிலும் சூடுதான். காற்றில் மிச்ச இடம் எவ்வளவு என்பதுதான் வித்தியாசம்.

காற்று ஒரு ஸ்பாஞ்ச் மாதிரி என்று வைத்துக்கொள்வோம். எந்த வெப்பநிலையிலும் அதற்கு ஒரு கொள்ளளவு உண்டு. சூடு ஏற ஏறக் கொள்ளளவும் ஏறும். அந்தக் கொள்ளளவில் எத்தனை சதவீதம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது என்பதுதான் ஒப்பு ஈரப்பதம். வானிலைச் செய்தியில் "ஈரப்பதம் 75 சதவீதம்" என்கிறார்களே, அது.

மும்பையில் 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏற்கெனவே 25 கிராம் நீராவி இருக்கிறது. டெல்லியில் 40 டிகிரி, 20 சதவீதம் என்றால் 10 கிராம்தான். தோலை ஒட்டி 35 டிகிரியில் இருக்கும் காற்று அதிகபட்சம் 40 கிராம் வரை தாங்கும். ஆக, மும்பைக் காற்றில் இன்னும் 15 கிராமுக்கு இடம். டெல்லிக் காற்றில் 30 கிராமுக்கு. சுடச்சுட இருந்தாலும் டெல்லிக் காற்று இரண்டு மடங்கு வியர்வையைத் தூக்கிக்கொண்டு போகும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

வைக்கோல் தட்டி வைத்த ஏர் கூலர் டெல்லியில் சக்கைப்போடு போடுவதும், அதையே வாங்கி வந்து மும்பையில் ஓட்டினால் வீடு சலவைக்கடை மாதிரி ஆவதும் இதே கணக்குதான். பெங்களூர்க்காரர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது, அவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. காமிக் கான் நடக்கும் ஏசி ஹாலுக்குள் 24 டிகிரி, 50 சதவீதம் என்றால் காற்றில் 11 கிராம்தான். ஈரத்தைப் பொறுத்தவரை அது டெல்லிக் காற்று, சூட்டைப் பொறுத்தவரை அதைவிட நல்லது. ஹாலுக்குள் போய்விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆளைச் சாய்ப்பது வெளியே நுழைவுச் சீட்டு வரிசையில் நிற்கும் முக்கால் மணி நேரம்.

ஃபேனின் வேலை என்ன?

சாயங்காலம் ஆறரை மணிக்கு தாதரில் கல்யாண் லோக்கல் ரயில் ஏறியிருக்கிறீர்களா? தலைக்கு மேல் ஃபேன்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. முந்நூறு பேரின் வியர்வையையும் மூச்சையும் அந்த ஃபேன் கலக்கிக் கலக்கித் திரும்ப நம் முகத்திலேயே ஊற்றுகிறது. கதவோரம் நிற்கிறவனைப் பாருங்கள்: அவனுக்கு ஃபேனே இல்லை, முடி பறக்கிறது, பாட்டு முணுமுணுக்கிறான்.

அக்கா மகனின் நெஞ்சுக் கவசத்துக்குள் இருந்த ஃபேன் கல்யாண் லோக்கல் ஃபேன். உள்ளேயிருக்கும் அதே ஈரக் காற்றை உள்ளேயே சுற்றவிட்டது. அந்தக் காற்று ஒரு நிமிஷத்தில் தன் கொள்ளளவை எட்டிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஒரு கிராம்கூடக் காயாது.

ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை. நிரம்பிய ஸ்பாஞ்சை வெளியே தள்ளி, காலி ஸ்பாஞ்சை உள்ளே கொண்டுவருவதுதான் அதன் வேலை. அதற்கு உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல், நடுவில் அடைபடாத ஒரு பாதை என்று மூன்று வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு ஹாலுக்கு டக்ட் வரையும்போது காற்று உள்ளே வருவதைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். வெளியே போகும் வழியை யாரும் கேட்க மாட்டார்கள். வேஷக் கவசத்திலும் அதே கதை.

எவ்வளவு காற்று வேண்டும்? மும்பைக் கணக்கில் ஒரு கன மீட்டருக்கு 15 கிராம். நமக்குக் காய வேண்டியது மணிக்கு 370 கிராம். அப்படியானால் மணிக்கு 25 கன மீட்டர், அதாவது விநாடிக்கு ஏழு லிட்டர். இது ஒவ்வொரு லிட்டர் காற்றும் முழுதாக நிரம்பி வெளியே போனால். நிஜத்தில் பாதிதான் நிரம்பும், ஆகவே விநாடிக்குப் பதினான்கு லிட்டர் என்று வைத்துக்கொண்டு வடிவமைப்பது நல்லது. கம்ப்யூட்டர் பெட்டியில் இருக்கும் 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று திறந்த வெளியில் இவ்வளவு தள்ளிவிடும். ஆனால் "திறந்த வெளியில்" என்பதைக் கவனியுங்கள். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண் எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது அளந்தது. தோளுக்கும் ஃபோமுக்கும் நடுவே காகிதம் நுழைகிற இடைவெளியில் அதை ஊதச் சொன்னால் காற்று முட்டித் திரும்பிவிடும்.

அதனால் பாதைதான் முதலில். கவசத்தின் உள்பக்கம் விரல் கனத்துக்கு ஃபோம் துண்டுகளை ஆங்காங்கே ஒட்டி, உடம்பிலிருந்து கவசத்தைத் தள்ளி நிறுத்த வேண்டும். முதுகில் இரண்டு நீளப் பட்டையாக ஒட்டினால் நடுவே ஒரு டக்ட் தானாகவே கிடைக்கும். உள் வாசல் இடுப்புக்குப் பின்னால், வெளி வாசல் கழுத்துக்குப் பின்னால் அல்லது ஹெல்மெட் உச்சியில். சூடான காற்று மேலே ஏறுவதால் கொஞ்சம் உதவி கிடைக்கும். அதை மட்டும் நம்ப முடியாது. கழுத்துதான் எல்லாருடைய கவசத்திலும் குறுகலான இடம், அதைத் தாராளமாக விடுங்கள். அக்குள், முழங்கால் பின்புறம், தொடை இடுக்கு இங்கெல்லாம் கவசம் எப்படியும் பிரிந்துதான் இருக்கும். அழகுக்காக அங்கே ரெக்ஸின் ஒட்டி அடைக்காதீர்கள். கறுப்புக் கொசுவலைத் துணி தைத்தால் நாலடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாது, காற்றுக்குத் தெரியும்.

தடை அதிகமுள்ள இடத்துக்குச் சக்கர வடிவ ஃபேனைவிட ப்ளோயர் ஃபேன் சரி. நத்தை ஓடு மாதிரி வளைந்த பெட்டியிலிருந்து ஒரு பக்கமாக ஊதும் வகை அது. அளவு குறைவாக ஊதினாலும் முட்டித் தள்ளும் பலம் அதிகம். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த மும்பை லேமிங்டன் ரோட்டில் 5 வோல்ட்டிலேயே கிடைக்கும். 12 வோல்ட் ஃபேனை வாங்கி நேராகப் பவர் பேங்கில் மாட்டிவிட்டு "சுத்தவே மாட்டேங்குது" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒரு வாட் ஃபேன் நான்கை ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஓட்டும். ஒரே ஒரு சின்ன ஃபேனை மாட்டினால் சில பவர் பேங்குகள் யாரும் இல்லை என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். அதையும் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பவர் பேங்கை வியர்வை படாத உறையில், கவசத்துக்கு வெளிப்பக்கம் வையுங்கள்.

உள்ளே போடும் துணியிலும் விஷயம் இருக்கிறது. பருத்தி நல்லது என்று அம்மா சொல்வது வெறும் சட்டைக்குச் சரி. கவசத்துக்குள் பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துக் கனத்து, ஈரக் கோணி மாதிரி ஒட்டிக்கொள்ளும். விளையாட்டு ஜெர்சி வகைத் துணி வியர்வையைப் பரப்பிக் காற்றுக்குக் காட்டும், காய்வதும் அங்கேதான்.

சுருக்கமாக: முதலில் வாசல், அப்புறம் பாதை, கடைசியில்தான் ஃபேன். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஹெல்மெட் தனிக் கதை

மூச்சுக் காற்று சூடானது, ஈரம் நிறைந்தது. ஏசி ஹாலுக்குள் கண்ணாடி முகமூடி குளிர்ந்து இருக்கும். ஈர மூச்சு அதில் பட்டதும் துளித்துளியாகப் படியும். ஏசி டாக்ஸியிலிருந்து இறங்கினால் மூக்குக் கண்ணாடி மங்குவது இதேதான்.

அக்கா மகன் ஹெல்மெட் ஃபேனை நெற்றிக்கு மேல் உள்நோக்கி வைத்திருந்தான். மூச்சு அங்கேயே சுழன்றது. தாடைக்குக் கீழே திறப்பு விட்டு, ஃபேனை வெளிநோக்கித் திருப்பியதும் புதுக் காற்று கீழிருந்து வந்தது, மூச்சு ஃபேன் வழியாக வெளியே இழுக்கப்பட்டது. கண்ணாடியின் உள்பக்கம் பாத்திரம் துலக்கும் சோப்பைத் துளி தடவி, மெல்லிசாகத் துடைத்துவிட்டால் ஈரம் துளியாக நிற்காமல் படலமாகப் பரவும், பார்வை மறைக்காது. முகத்துக்குப் புதுக் காற்று வருவது வசதிக்காக மட்டும் அல்ல. விட்ட மூச்சையே திரும்ப இழுத்தால் தலை வலிக்கும், கிறுகிறுக்கும்.

ஐஸ், புதினா, பெல்ட்டியர்

புதினா தைலம் தோலில் உள்ள குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. சில்லென்று இருக்கும். உடம்பின் சூடு ஒரு ஜூல்கூடக் குறையாது. சூடு ஏறுவது தெரியாமல் போவதால் இதை நான் வேண்டாம் என்பேன்.

பெல்ட்டியர் தகடு ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் கொதிக்கும். அந்தக் கொதிப்பைக் கவசத்துக்கு வெளியே கொண்டுபோகாவிட்டால், பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துச் சமையலறையைக் குளிர்விக்கப் பார்ப்பதற்குச் சமம். மொத்தத்தில் சூடுதான் ஏறும்.

ஐஸ் உண்மையாகவே வேலை செய்யும், ஆனால் அளவோடு. ஒரு கிலோ ஐஸ் உருகி, அந்தத் தண்ணீர் 30 டிகிரிக்குச் சூடாக ஏறக்குறைய 460 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். நம் 250 வாட் அடுப்புக்கு அது அரை மணி நேரக் கணக்கு. வரிசையில் நிற்கும் நேரத்துக்கு நல்ல கைமருந்து. நேராகத் தோலில் வைக்காமல் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பாட்டிலில் உறைய வைத்தால் உருகியதும் குடித்துவிடலாம்.

காற்றை மட்டும் நம்பி மாட்டிக்கொண்டது அக்கா மகன் மட்டும் அல்ல. 1966 ஜூன் மாதம் ஜெமினி 9 பயணத்தில் அமெரிக்க விண்வெளி வீரர் யூஜின் செர்னான் விண்கலத்துக்கு வெளியே வேலை செய்தபோது, உடைக்குள் ஓடிய வாயு அவர் உடம்புச் சூட்டைச் சமாளிக்க முடியாமல், ஹெல்மெட் கண்ணாடி முழுவதும் மங்கி, வேலையைப் பாதியில் விட்டுத் திரும்பினார். அப்புறம் நிலவுக்குப் போன அப்பல்லோ வீரர்கள் உடம்பை ஒட்டி மெல்லிய குழாய்கள் தைத்த உள்ளாடை போட்டார்கள். குழாய்களுக்குள் குளிர்ந்த நீர் ஓடியது. மீன்தொட்டிப் பம்பும் சிலிக்கோன் டியூபும் ஐஸ் பெட்டியும் வைத்து இதே மாதிரி வீட்டில் செய்கிறவர்களும் உண்டு. ஐஸ் தீரும்வரை அருமையாக இருக்கும். தீர்ந்த பிறகு வெந்நீர் ஓடும் குழாய்களைச் சுமந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

எப்போது கழற்ற வேண்டும்

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு இதில் ஒன்று வந்தாலும் போட்டோவுக்குக் கூட்டம் காத்திருக்கிறது என்று பார்க்காமல் கழற்றி, நிழலில் உட்கார்ந்து, ஓஆர்எஸ் கரைசலோ உப்புப் போட்ட மோரோ குடிக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலோ அது வெப்பத்தாக்கு. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிற நிலை, உயிருக்கே ஆபத்து. உடனே கவசத்தைப் பிரித்து, உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். குழப்பத்தில் இருப்பவருக்குத் தனக்குக் குழப்பம் என்று தெரியாது. அதனால் கூடவே ஒரு ஆள் கட்டாயம். ஹெல்மெட்டைத் தனியாக, ஒரு கையால், சில விநாடிகளில் கழற்றும்படி செய்வதும் கட்டாயம்.

இன்னொன்று, யாரும் வெளியே சொல்லாதது. கவசத்தோடு பாத்ரூம் போக முடியாது என்பதால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் நிறைய. வியர்க்கத் தண்ணீர் இல்லாவிட்டால் மேலே சொன்ன கணக்கு எல்லாம் பாழ். இடுப்புப் பாகத்தைத் தனியாகக் கழற்றும்படி வெல்க்ரோ வைத்துவிடுங்கள்.

ஊதுபத்திச் சோதனை

எங்கள் தொழிலில் காற்று எங்கே போகிறது என்று பார்க்கப் புகை விடுவோம். கவசத்தை ஆள் இல்லாமல் ஸ்டூல் மேல் நிறுத்தி, ஃபேனை ஓட விட்டு, இடுப்பு வாசலுக்கு ஓர் அடி தள்ளி ஊதுபத்தியைப் பிடியுங்கள். ஃபோம் எரியக்கூடியது, ஆகவே கிட்டே கொண்டுபோக வேண்டாம். புகை உள்ளே இழுக்கப்பட்டுக் கழுத்து வழியாக வந்தால் பாதை இருக்கிறது. அப்புறம் ஆளோடு மாட்டி இன்னொரு தடவை. தோள் அடைக்கிற இடம் அப்போதுதான் தெரியும்.

அடுத்ததாகச் சமையலறைத் தராசு. உள் பனியனைப் போடும் முன்பும், அரை மணி நேரம் கழித்துக் கழற்றிய பின்பும் எடை போடுங்கள். ஏறியிருக்கிற எடை காயாமல் தங்கிவிட்ட வியர்வை. எந்த மாற்றம் உதவியது, எது சும்மா என்று இந்த எண்ணே சொல்லிவிடும். எங்கள் வீட்டில் நாலு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சோதனை நடந்தது. ஃபேன் அதே இரண்டுதான், புதிதாக எதுவும் வாங்கவில்லை. ஒன்று திரும்பி நின்றது, கழுத்தில் நான்கு விரல் அகலத்துக்கு ஓட்டை, அக்குளில் கொசுவலை. நாலாவது வாரம் பனியனைப் பிழிந்தான், ஒன்றும் சொட்டவில்லை. அக்காதான் இட்லி மாவு அளக்கிற தராசில் இதையா வைத்தீர்கள் என்று இன்றுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை.